சிறியோர்க்கும் ஒரு களம்

கல்முனை முதலான நமது கரையூர்களில் சீனடியும் சிலம்பமும் பயின்றவர்கள், உடல் வலியினும் அடவும் நிதானமுமே பெரிதென்பதை அறிவர். ஜப்பானியரின் ஜூடோவும் இக்கருத்தின்மீது எழுந்ததே.

1882ஆம் ஆண்டில் டோக்கியோவில் அதனை வகுத்த கனோ ஜிகோரோ, இளமையில் மெலிந்த தேகமுடையவர். எதிரி தள்ளினால் இழுத்து, இழுத்தால் தள்ளி, அவன் நிலைதளரும் கணத்தில் வீழ்த்துவதே இவ்வித்தையின் சூட்சுமம். முதுகு நிலத்திற் பட வேகமாக எறிந்துவிட்டால் அக்கணமே வெற்றி. போட்டிகளில் நிறைக்கேற்ற பிரிவுகள் உண்டு; ஒத்தவர் ஒத்தவரோடு பொருதுவர்.

இந்த நியாயம் நாடுகளுக்கும் பொருந்துமன்றோ? பத்து இலட்சத்துக்குக் குறைந்த சனத்தொகையுள்ள நாடுகளுக்கென வகுக்கப்பட்ட ஐரோப்பியச் சிறுநாடுகளின் விளையாட்டு விழா, 1985இல் சான் மரீனோவில் ஆரம்பமாயிற்று. ஈராண்டுக்கு ஒருமுறை நடத்தப்படும் இவ்விழாவில் ஜூடோவும் இடம்பெறுகின்றது. சான் மரீனோவின் குடிகள் சுமார் 34,000 பேரே. கல்முனை மாநகரத்தின் சனத்தொகை அதனினும் மிகுதி!

சிறுமை திறமைக்குத் தடையன்று. இரண்டரை இலட்சம் மக்களும் இல்லாதிருந்த ஐஸ்லாந்திலிருந்து சென்ற பியார்ணி ஃபிரித்ரிக்சன், 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் ஜூடோவில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அம்பாறை மாவட்டத்திலோ 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் உளர்.

ஆயினும் திறமை தானே வளர்வதில்லை. ஒத்த எதிராளியும், தோற்றுக் கற்கும் களமும் வேண்டும். ஆகவே பெற்றோரே, போட்டியில் தோற்றுவரும் பிள்ளையைக் கடியாதீர்கள். காயமின்றி விழப் பழகுவதே ஜூடோவின் முதற்பாடம்.