சயாம் ரயில் பாதையில் பிழைத்தவர் யார்?

வைகை அணையைப் பார்க்க அழைத்துச் செல்லும் மாணவர்களுக்கு, அங்கே தேங்கி நிற்கும் ஜலத்தில் ஒரு பங்கு மலைக்கு அப்பாலிருந்து பெரியாற்று அணையின் தயவால் வருவது என்பதை நான் சொல்லாமல் விடுவதில்லை. 1887 முதல் 1895 வரை அந்தப் பெரியாற்று அணை கட்டப்பட்டபோது மலைக்காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் தொழிலாளர் பலர் மாண்டார்கள். இதைக் கேட்ட மாணவன் ஒருவன், "ஐயா, இந்த மாதிரிக் கஷ்டத்தை அதிகம் தாங்குகிறவர்கள் வெள்ளைக்காரர்களா, நம்மவர்களா?" என்று வினவினான்.

"நம்மவர்கள்தாம்" என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சரித்திரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு கொடிய பரீட்சையே நடந்திருக்கிறது. அது நடந்த இடம் சயாம் தேசத்துக் காடு.

1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட அவர்கள் தீர்மானித்தார்கள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலிய யுத்தக் கைதிகள் அறுபதினாயிரம் பேருக்கு மேல் அந்த வேலையில் தள்ளப்பட்டனர். அவர்களோடு பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்த நம் தமிழர் ஆகியோரும் போனார்கள். இந்தத் தொழிலாளரின் தொகை ஒரு லட்சத்து எண்பதினாயிரத்துக்குக் குறையாது என்பது மதிப்பு. சட்டப்படி இவர்கள் யுத்தக் கைதிகள் அல்லர். அனுபவித்ததோ அதனினும் கேடான சிறை.

1943 அக்டோபரில் பாதை முடிந்தது. கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டிருந்தார். ஆசியத் தொழிலாளரில் பாதிப் பேர் வரை மாண்டிருக்கலாம் என்கிறார்கள். வெயிலும் அரிசிச் சோறும் நமக்குப் பழக்கம். வெள்ளையருக்கு இரண்டும் புதிது. பிறப்பிலேயே பலம் இருக்கிறதென்றால் கணக்கு நேர்மாறாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

வெள்ளையருக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து 'எஃப்' படை என்ற பெயரில் ஏழாயிரம் கைதிகள் அனுப்பப்பட்டார்கள். சுமார் 300 கிலோமீட்டர் கால்நடையாகவே சென்றார்கள். ஆஸ்திரேலியர் 3,662 பேரில் 1,060 பேர் இறந்தனர். பிரிட்டிஷார் 3,400 பேரில் இரண்டாயிரத்துக்கு மேல் இறந்தனர். ஒரே வழி, ஒரே மழை, ஒரே வாந்திபேதி! இதை ஆஸ்திரேலிய ரத்தத்தின் விசேஷம் என்று கொண்டாடியவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஆஸ்திரேலியர் பெரும்பாலும் ஒரே டிவிஷனைச் சேர்ந்தவர்கள். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவனும் தன் தட்டைக் கொதிநீரில் முக்கியே தீர வேண்டுமென்ற கட்டுப்பாடு அவர்களிடம் இருந்தது. பிரிட்டிஷாரோ பல படைகளிலிருந்து பொறுக்கிச் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களில் நோயாளிகளும் அதிகம்.

ஹிண்டாக் முகாமில் டன்லப் என்ற ஆஸ்திரேலிய வைத்தியர், அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பொது நிதியாக வாங்கி நோயாளிகளுக்குச் செலவிட்டார். ஹெக்கிங் என்ற டச்சு வைத்தியர் ஜாவாவில் பிறந்து, பாட்டியிடம் பச்சிலை வைத்தியம் கற்றவர். மருந்தில்லாத காட்டில் அந்தப் பாட்டி வைத்தியமே அமெரிக்கக் கைதிகள் பலரைக் காப்பாற்றியது. நம் பாட்டிமார் கேட்டால் மகிழ்வார்கள்.

நம் தமிழருக்கு என்ன நேர்ந்தது? தோட்டத்தில் அவர்களுக்குக் கங்காணி இருந்தான், லயம் இருந்தது, கோயில் இருந்தது. நல்ல கூலி என்று ஆசை காட்டியும், இலவச சினிமா என்று கூட்டம் சேர்த்து வளைத்துப் பிடித்தும் ஜப்பானியர் அவர்களைக் கொண்டுபோனார்கள். காட்டில் அவர்களுக்குத் தலைவன் இல்லை, வைத்தியன் இல்லை. தண்ணீரைக் காய்ச்சு என்று அதட்ட ஒருவருமில்லை. மாரியம்மன் திருவிழாவை ஊர்கூடி நடத்தத் தெரிந்த ஜனங்கள்தாம். அந்தத் திறமை ஊரோடு இருந்தது. பிடித்துச் செல்லப்பட்ட தனி ஆளோடு போகவில்லை.

பின்னர் 1950-ல் மூண்ட கொரிய யுத்தத்திலும் இதே வாதம் எழுந்தது. அமெரிக்கக் கைதிகள் 7,140 பேரில் 2,701 பேர் மடிந்தனர். துருக்கியரில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று 1959-ல் கின்கேட் என்பவர் எழுதி, அமெரிக்கப் பண்பையே பழித்தார். 1963-ல் பிடர்மன் என்பவர் அதை மறுத்து ஒரு புத்தகமே எழுதினார். துருக்கியரைப் பற்றிச் சொல்லப்படுவதையேனும் கவனியுங்கள்: தலைவனைப் பிரித்துக் கொண்டுபோனால் அடுத்தவன் அந்த இடத்தில் நிற்பான், நோயாளிக்கு ஊட்டிவிட எப்போதும் ஆள் இருக்கும். இது மதமா, ரத்தமா? முறை என்றே நான் சொல்வேன்.

1943 ஜூனிலும் ஆகஸ்டிலும், சாவு மிதமிஞ்சிய பிறகு, கைதிகளில் வைத்தியம் தெரிந்தவர்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினார்கள். பலருக்கு அது காலங்கடந்த உதவி.

காஞ்சனபுரி யுத்த மயானத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் கைதிகள் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கல்லறைகளில் பெயர் பொறித்திருக்கிறது. அதே ஊரில் 1990-ம் வருஷம் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதப்படும் அவற்றில் ஒன்றுக்கும் பெயர் இல்லை.