ஈயத் தோட்டாவா, செம்புத் தோட்டாவா? வேட்டைக்கு கூடுதல் காசு கொடுப்பது வீணா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மான் வேட்டைக்குப் போறவங்க ஈயத் தோட்டாவைப் பயன்படுத்த முடியாது. 2013-ல் வந்த சட்டம், 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்க அமலில் இருக்கிறது. மாற்றாகக் கிடைக்கும் செம்புத் தோட்டாவின் விலை பொதுவாக அதிகம். கொடுக்கிற காசுக்கு அது தகுமா?

என்ன வித்தியாசம்?

ஈயம் மென்மையான உலோகம். வேகமாக மானின் உடலில் பாயும்போது குண்டு உடைந்து துகள்களாகச் சிதறும். பல துகள்கள் கண்ணுக்கே தெரியாது. செம்புக் குண்டின் முனை பூ மாதிரி விரியும். ஆனால் பெரும்பாலும் உடையாது.

யாருக்கு ஆபத்து?

சுட்ட மானின் குடலை காட்டிலேயே விட்டுட்டு வருவது வேட்டைக்காரர்கள் வழக்கம். இறந்த விலங்குகளைத் தின்று வாழும் காண்டார் பறவைகள் அதைத் தின்னும்போது ஈயமும் உள்ளே போகும். 1982-ல் வெறும் 22 காண்டார்கள்தான் மிச்சம் இருந்தன. கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்து, 1992 முதல் மீண்டும் காட்டில் விட்டார்கள். அப்படி விடப்பட்ட பறவைகளின் சாவுக்கு முக்கியக் காரணம் ஈய நச்சு.

மனிதர்களும் தப்பவில்லை. 2008-ல் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்காக தானமாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயத் துகள் இருந்ததால், அதைக் கொட்டிவிடும்படி சுகாதாரத் துறை சொன்னது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

செலவு எவ்வளவு கூடும்?

20 தோட்டா உள்ள பெட்டிக்கு 20 டாலர் கூடுதல்னு வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டாவுக்கு 1 டாலர்தான். ஒரு மானுக்கு ஒன்றிரண்டு தோட்டா போதும். பயணம், லைசென்ஸ் செலவோடு பார்த்தால் இது சின்னத் தொகை.

ஆனால் பயிர்களை நாசம் செய்யும் நில அணில்களைச் சுடுபவர்களுக்கு நூற்றுக்கணக்கில் தோட்டா தேவை. அவர்களுக்கு இது உண்மையிலேயே சுமை.

எதைக் கவனிக்கணும்?

* செம்பு ஈயத்தைவிட எடை குறைந்தது. அதனால் குறி விழும் இடம் மாறலாம். வேட்டைக்கு முன் அதே தோட்டாவால் சுட்டு, குறியைச் சரிசெய்வது அவசியம்.

* வேகம் குறைந்தால் செம்புக் குண்டு சரியாக விரியாது. ரொம்ப தூரத்தில் இருந்து சுடுவதைத் தவிர்ப்பது நல்லது.

* இந்தச் சட்டம் வேட்டைக்கு மட்டும்தான். இலக்குப் பலகையில் சுடும் பயிற்சிக்குப் பொருந்தாது. அதனால் பயிற்சியின் பெரும்பகுதிக்கு விலை குறைந்த தோட்டாவே போதும்.

விலை அதிகம் என்பதால் குறி தவறாமல் போகாது. ஆனால் சுட்ட மானை வீட்டுக்கு எடுத்துப் போய் குடும்பத்தோடு சாப்பிடுபவருக்கு, அந்த ஒன்றிரண்டு டாலர் வீண் செலவு இல்லை.