வாக்குச்சீட்டு இல்லாத ஊரில் கஞ்சா விவாதம்

2012 நவம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநில மக்கள், 21 வயது நிரம்பியவர் ஒரு அவுன்ஸ் கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லை என்று வாக்களித்துத் தீர்மானித்தார்கள். ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம். அதே 28 கிராம் மலேசியாவில், எங்கள் பிறையில் ஒரு பையனின் சட்டைப்பையில் பிடிபட்டால், 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 39ஏ பிரிவு பாயும். இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறை, ஐந்து ஆண்டு வரை போகலாம். கூடவே மூன்று முதல் ஒன்பது பிரம்படி.

பட்டர்வொர்த் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குற்றச்சாட்டைத் தமிழில் சொல்லி முடித்ததும், கூண்டில் நிற்கும் பையன் மெதுவாகக் கேட்பான்: "சார், ஃபைன் கட்டிட்டு வீட்டுக்குப் போயிரலாமா?" பதில் எடையில் இருக்கிறது. 20 கிராமுக்குக் குறைந்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 50 கிராமைத் தொட்டால் பத்துப் பிரம்படிக்குக் குறையாது. சிறை ஐந்து ஆண்டில் தொடங்கி ஆயுள்வரை நீளும். 200 கிராம் என்றால் அவன் கடத்தல்காரன் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவன் தலையில். 39பி பிரிவின் கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4-ஆம் தேதிதான் முழுதாக நீங்கியது. இப்போது நீதிபதி தூக்கு விதிக்கலாம். இல்லையென்றால் ஆயுள் சிறையும் 12-க்குக் குறையாத பிரம்படியும். இந்த எண்களை எந்தப் பெற்றோரும் வீட்டில் பேசி நான் கேட்டதில்லை.

சிங்கப்பூரில் வேலை தேடும் பிள்ளைகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 500 கிராமைத் தாண்டிக் கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரல் 26-ஆம் தேதி தங்கராஜு சுப்பையா என்ற தமிழர் அங்கே தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது வழக்கு. அந்தக் கஞ்சா அவர் கையில் பிடிபடவில்லை. தொலைபேசி எண்களே அவரை வழக்கோடு பிணைத்தன.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது ஹட்யாய். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் பாடாங் பெசார், எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் போனால் ஹட்யாய். 2022 ஜூன் 9-ஆம் தேதி தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தபின், எங்கள் தாமானில் மாமாக் கடை மேசைகளில் பேச்சு இதுவாகத்தான் இருந்தது. "அங்கிள், அங்க போர்டு வெச்சு விக்கிறாங்க. நாங்க அங்கதானே இழுத்தோம், இங்க இல்லையே" என்றான் ஒருவன். தம்பி, சிறுநீர்ப் பரிசோதனை எந்த ஊரில் புகைத்தாய் என்று கேட்காது. தொடர்ந்து புகைப்பவர் உடம்பில் தடயம் வாரக்கணக்கில் தங்கும். நம் 1952 சட்டத்தின் 15-ஆவது பிரிவில் 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. அதற்குமேல் இரண்டு மூன்று ஆண்டு கண்காணிப்பு.

தாய்லாந்தின் வழியை நான் ஏற்கவில்லை. தடையை முதலில் எடுத்தார்கள்; விற்பனையை ஒழுங்குபடுத்தும் முழுமையான சட்டம் கையில் இல்லை. கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இருந்தால்தான் வாங்கலாம் என்று திரும்பி வர நேர்ந்தது.

நியூசிலாந்து செய்தது வேறு. 2020 அக்டோபர் பொதுத் தேர்தலோடு மக்களிடம் கேட்டார்கள். கேட்பதற்கு முன்பே மசோதாவை வெளியிட்டார்கள்: 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரு நாளைக்கு 14 கிராமுக்கு மேல் வாங்க முடியாது, வீட்டில் ஒருவருக்கு இரண்டு செடி. மக்கள் வரிவரியாக விவாதித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.7 விழுக்காடு, வேண்டும் என்றவர்கள் 48.4. மசோதா கைவிடப்பட்டது. தோற்ற தரப்புக்கும் எதற்காகத் தோற்றோம் என்று தெரிந்திருந்தது. மக்கள் நேரடியாக வாக்களித்துச் சட்டத்தை மாற்றும் ஏற்பாடு மலேசியாவில் இல்லை. ஆனால் அப்படி விவாதிக்க நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அனுமதிக்கலாம் என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தடை போட்டும் புழக்கம் நிற்கவில்லை. தடையில்லாத மதுவால் அழிந்த குடும்பங்களை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். 1893-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் குழுகூட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, முழுத் தடை வேண்டியதில்லை என்றுதான் சொன்னது. மருந்துப் பயனும் இருக்கிறது: மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத சில வகைக் குழந்தை வலிப்புக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்தை அமெரிக்கா 2018-இல் அங்கீகரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்துவந்த முகமட் லுக்மானுக்கு ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிரதமராக இருந்த மகாதீரே அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். 2021 நவம்பரில், உரிய உரிமங்களோடு மருத்துவக் கஞ்சாவை இறக்குமதி செய்ய நம் சட்டத்தில் இடமுண்டு என்று சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

இருந்தும், கடை திறந்து விற்பதற்கு நான் கை தூக்க மாட்டேன். காரணம் எங்கள் சமூகத்தின் வரலாறு. தோட்டந்தோறும் கள்ளுக்கடை சட்டப்படிதான் நடந்தது. கூலி வாங்கிய கையோடு ஆண்கள் அங்கே போனார்கள். சம்பளம் வீடு வந்து சேரவில்லை. அதை எதிர்த்துத்தான் 1947-இல் கெடாவில், இங்கிருந்து அதிக தூரமில்லாத பெடோங் வட்டாரத் தோட்டங்களில், ஏ. எம். சாமியின் தொண்டர் படை மறியலில் இறங்கியது. பின்னால் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது, அதுவும் உரிமத்தோடு. லாபத்துக்கு விற்பவன் கையில் போதை போனால் அது ஏழைத் தெருவைத்தான் முதலில் தேடி வரும். பதின்ம வயதில் கஞ்சா பழகுகிறவர்களுக்கு மனநோய் ஆபத்து கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நம் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை இழக்கும் வயதும் அதுதான்.

ஆனால் விற்க அனுமதிப்பது வேறு, புகைத்தவனைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் நம் விவாதம் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்குச் சில கிராம் வைத்திருந்தவனுக்குத் தேவை சிகிச்சை. அவன் பெயரில் குற்றப்பதிவு விழுந்தால், இங்கே தொழிற்பேட்டையில் ஒரு நல்ல வேலைக்கு விண்ணப்பம் போடவே கூசுவான். மறுபடி அதே கூட்டாளிகளிடம்தான் போவான். 2019-இல் சுகாதார அமைச்சர் சுல்கிப்ளி அமாட்டும், 2023-இல் உள்துறை அமைச்சர் சைபுடின் நசுத்தியோனும் பயன்படுத்துவோரைக் குற்றவாளியாக்காத வழியைப் பற்றிப் பேசினார்கள். நீதிமன்றத்தில் நான் பார்த்த முகங்களை நினைத்துச் சொல்கிறேன்: முதல் முறை பிடிபடுகிறவனுக்கு, 50 கிராமுக்குக் கீழே, சிறையும் பிரம்பும் வேண்டாம். மருத்துவமனை வழியாகப் போகட்டும். விற்பவனுக்குத் தண்டனை இருக்கட்டும், தூக்கு மட்டும் வேண்டாம்.

நீங்கள் என்னோடு உடன்படாமல் இருக்கலாம். பிறை பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறது. உங்கள் ஊர் எந்தத் தொகுதியோ, அந்த உறுப்பினருக்கு உங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள். அதற்கு முன், இன்று இரவே உங்கள் பிள்ளையை உட்காரவைத்து 20, 50, 200 என்ற மூன்று எண்களையும் சொல்லிக்கொடுங்கள்.