காட்சிச் சொல்லும் மொழிபெயர்ப்பும்: வெர்தியின் ‘அயீதா’வை முன்வைத்து

பண்டை எகிப்தைக் களமாகக் கொண்ட வெர்தியின் இசைநாடகத்தின் பெயரை ஆங்கில எழுத்தின் வழியே ‘ஐடா’ எனத் தமிழில் எழுதுவதுண்டு. இத்தாலியத்தில் அது அ-யீ-தா என மூன்றசையாக ஒலிப்பது; அழுத்தம் நடுவசையில் விழும்; இறுதி மெய் பல்லொலியே அன்றி நாவளையொலி அன்று. (இங்கு அசை என்பது யாப்பிலக்கணம் கூறும் நேரும் நிரையும் அன்று, ஓர் உயிரை உச்சியாகக் கொண்ட ஒலியலகு.) இசையமைப்பாளர் மூன்று சுரங்கள் தந்த பெயரை இரண்டசையாகச் சுருக்கினால் ஒரு சுரம் சொல்லின்றி நிற்கும். பாடப்படும் பனுவலை மொழிபெயர்ப்பவர் முதற்சொல்லிலேயே சந்திக்கும் இடர்ப்பாடு இது. இத்தகைய பனுவலில் எதனைக் காப்பது, எதனை விடுவது என்பதே இக்கட்டுரையின் வினா.

கதை சிறிது. எகிப்தியப் படைத்தலைவன் ராதாமேஸ், எத்தியோப்பிய அடிமைப் பெண்ணாகிய அயீதாவை விரும்புகிறான். அவள் பகையரசன் அமோனாஸ்ரோவின் மகள் என்பதை அவன் அறியான். எகிப்திய அரசன் மகள் அம்னேரிஸும் அவனையே விரும்புகிறாள். படை செல்லும் வழியைத் தன்னையறியாமல் வெளியிட்டுவிட்ட ராதாமேஸ், உயிரோடு கல்லறையில் அடைக்கப்படுகிறான். அங்கே அவனுக்கு முன்பே அயீதா புகுந்து காத்திருக்கிறாள்.

இப்பனுவல் தோன்றிய முறையே ஒரு மொழிபெயர்ப்பு வரலாறு எனலாம். கதைச் சுருக்கத்தைப் பிரெஞ்சில் எழுதியவர் எகிப்தியத் தொல்பொருள் அறிஞர் ஒகுஸ்த் மரியேத். 1870இல் அதனை வெர்தியிடம் சேர்ப்பித்த கமீய் து லோக்ல், அவர் இல்லத்திலேயே தங்கிப் பிரெஞ்சு உரைநடையில் உரையாடலாக விரித்தார். அதன்மேல் இத்தாலியச் செய்யுள் அமைத்தவர் அந்தோனியோ கிஸ்லான்சோனி. காட்சித் திரைகளும் உடைகளும் முற்றுகைக்குள்ளான பாரீசில் சிக்கிக்கொண்டமையால் அரங்கேற்றம் தள்ளிப்போய், 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில் நிகழ்ந்தது. சூயஸ் கால்வாய்த் திறப்புக்காக இயற்றப்பட்டது என்று இன்றும் கூறப்படுவது பிழை. கால்வாய் 1869 நவம்பரிலேயே திறக்கப்பட்டுவிட்டது. பின்னர் து லோக்லும் ஷார்ல் நுயித்தேயும் இத்தாலியச் செய்யுளைப் பிரெஞ்சாக்கினர். 1880இல் அவ்வடிவம் பாரீஸ் ஓபரா அரங்கில் ஏறியது. பிரெஞ்சில் பிறந்த உரையாடல் இத்தாலியம் சென்று பிரெஞ்சுக்கே மீண்டது. மீண்டபோது அதன் சொற்களுக்குச் சுரங்கள் கட்டளையிட்டன.

மொழிபெயர்ப்பாளருக்கு மிகவும் பயன்படக்கூடியது, வெர்தி 1870 ஆகஸ்டு 17 அன்று கிஸ்லான்சோனிக்கு எழுதிய கடிதம். ‘காட்சிச் சொல்’ என்னும் கருத்தை அதில் அவர் விளக்குகிறார்: நிகழும் நிலையைச் செதுக்கியதுபோல் தெளிவாகக் கண்முன் நிறுத்தும் சொல் அது. ராதாமேஸ் இறந்தான் எனப் பொய்யுரைத்து அயீதாவின் உள்ளத்தை அறியும் அம்னேரிஸ், அவன் உயிரோடிருப்பதை மறுகணம் வெளியிடும் இடம் பற்றியே இப்பேச்சு எழுகிறது. செய்யுள் செப்பமாக இருந்தும், அதில் சொல் தைக்கவில்லை என்பது அவர் குறை. தேவைப்படின் சந்தத்தையும் எதுகையையும் கைவிடலாம் என்று செய்யுள் இயற்றுபவரிடமே சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. யாப்புக்காகச் சொல்லை வளைப்பதைத் திறமை எனக் கொள்ளும் நமக்கு இது உறுத்தக்கூடும். உறுத்தவேண்டும் என்றே கருதுகிறேன்.

முதல் அங்கத்தில் ஒரு சான்று உண்டு. போருக்குப் புறப்படும் ராதாமேஸை வென்று மீளுமாறு அம்னேரிஸ் இரண்டே சொல்லில் வாழ்த்துகிறாள், கூட்டத்தார் அதனையே எதிரொலிக்கின்றனர், அயீதாவும் உடன்சொல்லிவிடுகிறாள். தனித்து நிற்கும்போதுதான், தன் தந்தையின் தோல்வியையே தான் வேண்டியதை உணர்கிறாள். இத்தாலியத் தொடரில் ஏவல்வினை முன்னும் ‘வென்றவன்’ எனும் பெயர் பின்னும் நிற்கின்றன. அப்பெயரின் இறுதி உயிர் கெட்டுக் குறுகியிருப்பதால் தொடர் அழுத்தமுள்ள அசையில் முடிகிறது. யாரை வென்றவன் என்பதை அம்மொழியில் அப்பெயருக்குப் பின்னே சேர்க்கமுடியும். எனவே வாழ்த்து முதலில் முழுமையாக ஒலிக்கிறது. அதன் நஞ்சு பின்னர் வருகிறது.

தமிழ் வலமிருந்து இடமாக விரியும் மொழி. ‘வென்று வருக’ என்பதன் செயப்படுபொருள் முன்னேதான் வரவேண்டும். ‘என் தந்தையை வென்று வருக’ எனின் இலக்கணம் நிறைவுறும், நாடகம் கெடும். அவள் திகைக்கவேண்டிய செய்தி வாழ்த்துக்கு முன்பே வெளிப்பட்டுவிடுகிறது. இங்குப் பேச்சுத் தமிழ் கைகொடுக்கிறது: ‘வென்று வருக! யாரை வென்று? என் தந்தையை!’ வினாவால் தொடரை உடைத்துச் செயப்படுபொருளை இறுதிக்குத் தள்ளலாம். அசை எண்ணிக்கை மிகும். சொல் தனக்குரிய இடத்தில் விழும். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய நேரின் இடத்தையே காக்கவேண்டும். மிகும் அசைகளுக்குச் சுரத்தைப் பகுத்துக்கொள்ளலாம். முந்திவிட்ட செய்தியைத் திரும்பப் பெறும் வழி இல்லை.

இன்னோர் இடர் உயிர் அளவு பற்றியது. இத்தாலியத்தில் உயிரின் நீட்சி பொருளை மாற்றுவதில்லை, அழுத்தமே மாற்றும். கல்லறைக் காட்சியின் இறுதி இருவர் பாட்டுக்கு, நான்காம் எட்டாம் அசைகளில் அழுத்தம் விழும் பதினோரசை அடிகளை வெர்தி கேட்டுப் பெற்றார். தமிழில் அழுத்தம் பொருள் வேறுபடுத்தாது. குறிலும் நெடிலும் வேறுபடுத்தும். நீண்ட சுரத்தில் ‘விடு’ என்பதைப் பாடின் ‘வீடு’ எனக் கேட்கும். இராக விரிவில் இதனை நம் செவி பொறுத்துக்கொள்கிறது, பாடல் முன்பே அறிந்ததாக இருப்பதால். முதன்முறை கேட்கும் நாடகச் சொல்லுக்கு அச்சலுகை இல்லை. ஆதலின் அழுத்தம் விழும் இடங்களில் இயன்றவரை நெடில் அமைந்த சொற்களைத் தேடுவதே நடைமுறை.

இறுதிக் காட்சியில் அரங்கு இரு தளமாகப் பிரிந்திருக்கிறது. கீழே மூச்சடங்கும் காதலர். மேலே அடைத்த கல்லின்மீது அம்னேரிஸ். அவள் இறுதியாக உச்சரிப்பது ‘பாச்சே’ எனும் ஒரே சொல். இரண்டசை, முதலசையில் அழுத்தம். ‘அமைதி’ மூன்று குறிலாய் அமைந்து, நீட்டப் பிடிகொடுக்காமல் நழுவுகிறது. ‘சாந்தி’ அளவில் சரியாகப் பொருந்துகிறது. இறந்தோர்க்கு நாம் வேண்டிக்கொள்ளும் வழக்கும் அதற்கு உண்டு. ஆனால் மும்முறை சொல்லப்படும்போது வேதம் ஓதி முடிக்கும் ஓசை அதில் ஏறி, எகிப்தியக் கோயில் நம் ஊர்க் கோயிலாகிவிடும். நான் ‘சாந்தி’யையே கொள்வேன், மும்முறை அடுக்காமல், ஒலிகள் அடங்கும் கடைசி இடத்தில் மட்டும்.