வயலையும் பட்டியையும் கைத்தொலைபேசியினாற் காவல் செய்தல்

பயிர் முற்றிவரும் காலத்திலேயே கமக்காரர் உறக்கத்தை இழக்கின்றனர். வன்னியிலும் கிழக்கிலும் வீடு ஓரிடத்திலும் வயல் இரண்டு மூன்று மைல்களுக்கு அப்பாலும் இருத்தல் வழக்கமாகையால், கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் குடும்பத்தில் ஒருவர் காவற்கொட்டிலுக்குச் சென்றுவிடுவார். மேட்டுநிலப் பயிரும் கால்நடையும் உடையோர் வீட்டிற் படுத்திருப்பினும், நாய் குரைக்கும் போதெல்லாம் விளக்கை எடுத்துக்கொண்டு புறப்படுவர். போய்ப் பார்த்தால் அநேகமாக அங்கே ஒன்றும் இராது. பனையோலை காற்றில் அசைந்திருக்கும். அல்லது அயலவரின் கட்டாக்காலி மாடு வேலியோரம் நின்றிருக்கும்.

இவ்வாறு வீணாகச் செல்லும் பயணங்கள் தீங்கற்றவையல்ல. இருளில் வரம்பு வழியே நடப்பவரின் காலிற் கண்ணாடி விரியன் தீண்டுவது நெல்விளையும் பகுதிகளில் யாவரும் அறிந்த செய்தியே. யானையோவெனின் பக்கத்தில் நின்றாலும் ஓசை காட்டாது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் யானைகளால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மக்களும், மனிதராலும் பிற ஏதுக்களாலும் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் இறந்தமை பதிவாகியுள்ளது. ஆகவே, இரவிற் புறப்படுமுன் அங்கே நிற்பது யாதென்று அறிந்துகொள்ளக் கூடுமாயின், அது பயிரைக் காப்பதோடு ஆளையும் காக்கும். வைபை கமராவினாற் கமக்காரருக்குக் கிடைக்கக்கூடிய முதன்மையான பயன் இதுவே. களவைப் பிடித்தல், வேலையாட்களை மேற்பார்த்தல் என்று விளம்பரங்களிற் கூறப்படுவன எல்லாம் இதற்கு அடுத்தனவே என்பது எமது கருத்து.

தூரத்திலுள்ள பொருளைக் கமராவினாற் பார்க்கும் இவ்வழக்கமும் ஒரு வீண் நடையைத் தவிர்ப்பதற்காகவே தோன்றியதென்பது சுவையான செய்தி. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்திற் பணியாற்றியோர், கோப்பி அருந்துவதற்காக நெடுந்தூரம் நடந்து வந்து, பாத்திரம் வெறுமையாயிருக்கக் கண்டு திரும்புவதுண்டு. அதனால் 1991ஆம் ஆண்டில் அப்பாத்திரத்தை நோக்கி ஒரு கமராவை நிறுத்தி, அதன் படத்தைத் தத்தம் மேசைக் கணினியிலே பார்க்கலாயினர். 1993இல் அப்படம் இணையத்திலும் இடப்பட்டது. 2001ஆம் ஆண்டு வரை அது இயங்கிற்று. அன்று ஆய்வுகூடத்தில் மட்டுமே இயன்ற செயல், இன்று கிராமக் கடையில் வாங்கும் சிறு கருவியினால் இயலுகின்றது.

இக்கருவி இயங்கும் விதத்தை ஓரளவு அறிந்துகொண்டாலன்றி, அது பழுதுறும்போது காரணம் விளங்காது. கமரா தான் காணும் காட்சியைக் கம்பியின்றி அருகிலுள்ள ரவுட்டருக்கு அனுப்பும். ரவுட்டர் அதனை இணையத்தின் வழியே கமராவைச் செய்தவர்களின் சேவைக் கணினிக்கு அனுப்பும். அக்கணினி பெரும்பாலும் பிறநாட்டில் இருக்கும். உங்கள் கைத்தொலைபேசியிலுள்ள செயலி அச்சேவைக் கணினியுடன் தொடர்புகொண்டு படத்தைப் பெறும். கமராவைத் திருப்புமாறு நீங்கள் இடும் கட்டளையும் இவ்வழியே எதிர்த்திசையிற் செல்லும். எனவே இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் படம் வராது. கமரா பழுதென்று கடைக்குக் கொண்டு செல்லுமுன், ரவுட்டருக்கு மின்சாரம் உண்டா, சிம் அட்டையிற் பணம் உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

ரவுட்டருக்கும் கமராவுக்கும் இடையேயுள்ள தூரமே பலரை ஏமாற்றுகின்றது. வெளியான நிலத்தில் ஏறத்தாழ ஐம்பது மீற்றர் வரை தொடர்பு கிடைக்கலாம். கிடுகு வேலி அதனை அதிகம் தடுப்பதில்லை. ஆனால் சீமெந்துச் சுவர் வெகுவாகக் குறைக்கும். தகரம் ஏறக்குறைய முற்றாகவே மறைக்கும். அடர்ந்த வாழைத்தோட்டம் மழைக்குப் பின் நனைந்து நிற்கையில், முதல்நாட் கிடைத்த தொடர்பு மறுநாட் கிடையாது போகும். மலிவான கமராக்களிற் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் மட்டுமே இயங்குவன. ரவுட்டரில் அவ்வலை நிறுத்தப்பட்டிருப்பின் கமரா அதனை அறியமாட்டாது. முதன்முறை இணைக்கையிற் பலர் இடர்ப்படுவது இதனாலேயே.

வீட்டிலிருந்து மைல் கணக்கில் விலகிய வயலுக்கு வீட்டு ரவுட்டர் பயன்படாது. அங்கே சிம் அட்டை இடக்கூடிய ரவுட்டரையோ, தானே சிம் அட்டை ஏற்கும் கமராவையோ வைத்தல் வேண்டும். வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை எளிது. உங்கள் கைத்தொலைபேசியுடன் வயலுக்குச் சென்று, கமரா நிற்கப்போகும் இடத்திலேயே நின்று, வீட்டிலுள்ள ஒருவருக்குக் காணொளி அழைப்பு எடுத்துப் பாருங்கள். பகலில் ஒருமுறையும், இரவு எட்டு மணியளவில் ஒருமுறையும் செய்து பார்த்தல் நன்று. மாலைக்குப் பின் பலரும் இணையத்தைப் பயன்படுத்துவதால் வேகம் குறையும். அழைப்புத் தடையின்றி நடைபெறாவிடின் அவ்விடத்திற் கமராவுக்குப் பணம் செலவிடுதல் தகாது. பத்து ஏக்கர் நெல்வயல் முழுவதையும் ஒரு கமரா காக்குமென்று நம்பி வாங்குதலும் தகாது. யானை வரும் கடவை, பன்றி நுழையும் வேலி மூலை, மாட்டுக்கொட்டில், கோழிக்கூடு, நெல் வைத்திருக்கும் அறை முதலிய குறித்த ஓரிடத்திற்கே இது உகந்தது.

பொருத்தும்போது நிலத்திலிருந்து எட்டு அல்லது பத்தடி உயரத்தில், சற்றுக் கீழ்நோக்கியிருக்குமாறு உறுதியான தூணிற் பொருத்துக. காற்றில் ஆடும் கம்பத்திற் பொருத்தினால் ஒவ்வொரு வீச்சுக்கும் எச்சரிக்கை ஒலிக்கும். காலைச் சூரியன் நேரே வில்லையில் விழாத திசை நல்லது. இரவிற் பார்ப்பதற்காகக் கமராவினுள் செந்நிறத்திற்கு அப்பாற்பட்ட ஒளியை வீசும் சிறு விளக்குகள் உள்ளன. அவ்வொளியில் உருவங்கள் கறுப்பு வெள்ளையாகவே தெரியும். சிறிய கமராவிற் பத்து மீற்றருக்கு அப்பால் தெளிவு குறையும். இவ்விளக்கினை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சியை நாடிச் சிலந்தி வலை பின்னும். அவ்வலை வில்லைக்கு மிக அருகில் இருப்பதால் ஒளியைத் திருப்பி, படம் முழுவதையும் வெண்புகார் போலாக்கிவிடும். வாரம் ஒருமுறை மெல்லிய துணியினால் துடைத்துவிடுதல் போதும்.

இரவுப் படத்தில் விலங்கை இனங்காண்பதற்கு ஒரு குறிப்பு. மாடு, மான், நாய், பூனை ஆகியவற்றின் கண்ணினுள் ஒளியைத் திருப்பும் ஒரு படலம் உண்டு. ஆதலின் அவற்றின் கண்கள் விளக்குப்போல் மின்னும். பன்றிக்கு அப்படலம் இல்லை. கண் மின்னாது, தலையைத் தாழ்த்தி, நிலத்தைக் கிளறிக்கொண்டு செல்லும் கரிய உருவம் பெரும்பாலும் காட்டுப்பன்றியே.

மின்சாரம் இல்லாத இடத்திற் சூரியசக்தியை நாடவேண்டியிருக்கும். இக்கணக்கைக் கடைக்காரரிடம் விடாது நாமே செய்துகொள்ளலாம். கமரா ஏறக்குறைய 5 வாற்று மின்சாரத்தையும், ரவுட்டர் மேலும் 5 வாற்றையும் உட்கொள்ளும் எனக் கொள்வோம். இருபத்துநான்கு மணித்தியாலத்திற்கு 240 வாற்று மணி தேவை. 12 வோல்ற்று, 40 அம்பியர் மணி கொண்ட ஈயப் பற்றரியில் 480 வாற்று மணி இருப்பினும், அதிற் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குன்றும். எனவே அது ஒரு நாளைக்கு மட்டுமே போதும். நல்ல வெயிலில் 100 வாற்றுச் சூரியத்தகடு நாளொன்றுக்கு 400 வாற்று மணி வரை தரும். மாரிகாலத்தில் வானம் தொடர்ந்து மூடியிருப்பின் அதிற் சிறுபகுதியே கிடைக்கும். பெரும்போகப் பயிருக்குக் காவல் தேவைப்படும் காலமும் மாரியாகையால், பற்றரியை இரண்டு மடங்காகக் கொள்ளுதல் அறிவுடைமை. பற்றரி உள்ளடங்கிய சிறு கமராக்கள் இத்துணை மின்சாரம் வேண்டா. ஆனால் அவை உறங்கியிருந்து, அசைவைக் கண்ட பின்னரே விழிப்பன. நீங்கள் அழைக்கும்போதும் விழிப்பதற்குச் சில செக்கன்கள் கழியும்.

இனி இயக்கும் முறையைக் கூறுவோம். செயலியைத் தொலைபேசியில் நிறுவி, அதிற் காட்டப்படும் சதுரக் குறியீட்டைக் கமராவின் முன் பிடித்தலே சாதாரணமாக இணைக்கும் வழி. சிலவற்றிற் கமராவின் அடியிலுள்ள குறியீட்டைத் தொலைபேசி படிக்கும். இணைந்தபின் திரையிலுள்ள அம்புக்குறிகளைத் தொட்டுக் கமராவை இடம்வலமாகவும் மேல்கீழாகவும் திருப்பலாம். புதியவர் பலர் இங்கே பொறுமை இழக்கின்றனர். படம் நெடுந்தூரம் சுற்றி வருவதால் ஓரிரு செக்கன் பிந்தியே தெரியும். கமரா திரும்பவில்லையென எண்ணி அம்புக்குறியை மீண்டும் மீண்டும் அழுத்தினால், அது பார்க்கவேண்டிய இடத்தைக் கடந்து சென்றுவிடும். ஒருமுறை தொட்டு, படம் நிலைக்கும் வரை பொறுத்து, பின்னர் மறுமுறை தொடுக. வேலி மூலை, படலை, கொட்டில் என வேண்டிய இடங்களை முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதி பல செயலிகளில் உண்டு. பகலிலேயே அவற்றைப் பதிந்து வைத்தால், நடுச்சாமத்தில் தூக்கக் கண்ணுடன் தேடவேண்டியதில்லை.

நாள் முழுவதும் படத்தைப் பார்த்துக்கொண்டிருத்தல் தேவையற்றது, செலவும் மிகும். தெளிவான படம் செக்கனுக்கு ஒரு மெகாபிற்று வீதம் வருமாயின், ஒரு மணித்தியாலத்திற்கு 450 மெகாபைற்று செலவாகும். ஒரு நாளைக்குப் பத்துக் கிகாபைற்றுக்கு மேலாகிவிடும். கமராவினுள் ஒரு மெமரி கார்ட் இட்டு, பதிவை அதிலே செய்யவிட்டு, அசைவு கண்டால் மட்டும் தொலைபேசிக்கு அறிவிக்குமாறு அமைத்தலே சிக்கனமானது. அறிவித்தல் வேண்டிய பரப்பையும் திரையிற் கோடிட்டுக் காட்டலாம். தெருவும் ஆடும் மரக்கிளையும் அப்பரப்பிற்கு வெளியே விடப்படல் வேண்டும். இரவில் இருபது முறை வீணாக ஒலிக்கும் கருவியை இருபத்தோராம் முறை எவரும் எடுத்துப் பாரார்.

கடவுச்சொல்லைப் பற்றிச் சற்று அழுத்திக் கூறவேண்டியுள்ளது. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல் உலகெங்குமுள்ள கமரா முதலிய கருவிகளினுட் புகுந்தது. அது கையாண்ட உபாயம் மிக எளிது: தொழிற்சாலையில் இடப்பட்டு எவராலும் மாற்றப்படாத அறுபதுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்றது, அவ்வளவே. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி அத்தகைய கருவிகள் பல ஒருங்கே ஏவப்பட்டு, அமெரிக்காவிற் பல பெரிய இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. உங்கள் கொட்டிலிலுள்ள கமராவினுள் ஒருவர் புகுந்தால், வீட்டில் ஆள் இல்லாத வேளையையும் அவர் அறிந்துகொள்வார். ஆதலின் வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுக. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல்லாகா. பொருத்தித் தந்த கடைக்காரர் தமது தொலைபேசியிற் செயலியைத் திறந்து இணைத்திருந்தால், அவர் கணக்கை நீக்கி உங்கள் கணக்கில் மீள இணைத்துக்கொள்க.

கமராவின் கண் அயலவர் வளவுக்குள் செல்லாதிருத்தலும் உங்கள் பொறுப்பே. குறிப்பாகப் பங்குக் கிணறும், பெண்கள் குளிக்கும் கிணற்றடியும் படத்தினுள் வராதவாறு திசையை அமைத்தல் வேண்டும். திரும்பக்கூடிய கமராவாயின், அது திரும்பும் எல்லை முழுவதையும் அயல்வீட்டாரை அழைத்துத் தொலைபேசியிற் காட்டுதல் வீண்பகையைத் தவிர்க்கும். வேலிச் சண்டைகள் போதாதென்று கமராச் சண்டையும் வேண்டியதில்லை.

அறிவித்தல் வந்து, படத்தில் விலங்கு தெரிந்தால் என் செய்வது? பன்றியாயின், கமராவிலுள்ள விளக்கையும் ஒலியையும் வீட்டிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். சில இரவுகளுக்கு அது பயன் தரும். பின்னர் பன்றி பழகிவிடும். அப்போது ஒலியையும் நேரத்தையும் மாற்றுதல் வேண்டும். நல்ல வேலிக்கு அது ஈடாகாது. யானையாயின் வீட்டைவிட்டு வெளியேறற்க. காவற்கொட்டிலில் எவரேனும் இருப்பின், விளக்கையோ ஒலியையோ இயக்குமுன் அவருக்குத் தொலைபேசியில் அறிவிக்க. வெருண்ட யானை எத்திசையில் ஓடுமென்று கூறவியலாது. அதன்பின் அயல் வயற்காரருக்கும், வனசீவராசிகள் திணைக்களத்தின் அண்மிய அலுவலகத்திற்கும் அறிவித்து, யானை செல்லும் திசையைப் படத்திற் கவனித்துச் சொல்லுக.

மாட்டுக்கொட்டிலிற் கமரா தரும் பயன் வேறுவகையானது. கன்று ஈனும் நிலையிலுள்ள பசு, ஆள் அருகில் வந்து வந்து பார்த்தால் அமைதி இழக்கும். கமரா இருப்பின் மடி பருத்தல், இருப்புக்கொள்ளாது எழுந்தெழுந்து படுத்தல் ஆகிய குறிகளை வீட்டிலிருந்தே காணலாம். நீர்க்குடம் தோன்றிய நேரத்தைப் பதிவைப் பின்னோக்கிப் பார்த்துத் துல்லியமாக அறியவும் கூடும். அதிலிருந்து இரண்டு மணித்தியாலம் கழிந்தும் கன்று வெளிப்படாவிடின், அல்லது ஒரு கால் மட்டும் தோன்றி நின்றுவிடின், காலை வரை பொறுத்திராது மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். அப்பதிவின் ஒரு பகுதியைத் தொலைபேசியில் அவருக்கு அனுப்பினால், புறப்படுமுன்னரே கன்றின் நிலையை ஓரளவு அறிந்து, வேண்டிய கருவிகளுடன் வருவார்.