செல்போன் விளம்பரம்: கடிவாளம் உண்டு!

மைசூர் ராமாபுரத்தில் ஒரு தொழிலாளி செல்போனில் கடன் வட்டியைத் தேடுகிறார் என்று வையுங்கள். அடுத்த நிமிடமே கடன் விளம்பரங்கள் கொட்டும். நாம் தேடுவதைக் கவனித்து, அதற்கேற்ற விளம்பரத்துக்கு இடம் விற்பதே இந்த வியாபாரம்.

இதற்குக் கடிவாளம் உண்டா?

உண்டு. கர்நாடக ஐகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடர்ந்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 24-8-2017 அன்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. மீறினால் அபராதம் ரூ.250 கோடி வரை. ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்தே அமலாகும்.

அதுவரை?

2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் உண்டு. புகாருக்கு 1915. பணம் பறிபோனால் உடனே 1930.