எடை குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?



உடல் பருமனுக்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். எடை குறைகிறது, பலருக்குச் சர்க்கரையும் கட்டுக்குள் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். தவறு அதன் பிறகுதான் நடக்கிறது. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சத்து மாத்திரைகளை நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்தக் கூடாது. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. 'பைபாஸ்' முறையில் உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் செல்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அங்கேதான். வைட்டமின் பி12 உடலில் சேர, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் தேவை. அதனால் நல்ல சாப்பாடு மட்டும் போதாது. மாத்திரை வாழ்நாள் முழுவதும் வேண்டும்.

கல்லீரலில் பி12 இருப்பு உள்ளதால் குறைபாடு உடனே தெரியாது. ஓரிரு ஆண்டுகள் கழித்துச் சோகை, கால் மரத்துப்போதல், மறதி என வெளிப்படும். நரம்பு பாதித்து நாளாகிவிட்டால் முழுதாகக் குணமாகாமலும் போகலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை அவசியம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். எனவே மீன், கோழி, பருப்பை முதலில் சாப்பிட்டு, சோற்றைப் பிறகு சாப்பிடுங்கள்.

• இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீருடன் சாப்பிட வேண்டாம்.

• கேப்சூல் உறையின் ஜெலட்டின் ஹலாலா என்ற ஐயம் இருந்தால் மருந்தை விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி வேறு வடிவில் கேளுங்கள்.

• பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது.

ரமளான் நோன்பு வைக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். குறிப்பாக முதல் ஆண்டில், சர்க்கரை மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் உள்ளது. அதன் சட்டத்தை ஆலிம்களிடம் தெரிந்துகொள்ளலாம். நோன்பு திறக்கும்போது சர்பத்தும் இனிப்பும் வேகமாகக் குடலில் இறங்கினால் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும். கஞ்சியையும் சிறிது சிறிதாகவே குடியுங்கள்.

வாந்தி சில நாட்கள் நீடித்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே மருத்துவமனை செல்லுங்கள். வைட்டமின் பி1 குறைந்து மூளையைப் பாதிக்கலாம். அறுவை சிகிச்சை செய்திருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் பி1 கொடுக்க வேண்டியிருக்கும்.

மாத்திரைச் செலவு தாங்காமல் நிறுத்தியவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். எங்களிடம் சொல்லுங்கள். அறுவைக்கு உதவுவதைப் போலவே, அதற்குப் பிந்தைய மருந்துக்கு உதவுவதும் நம் கடமை என்றே கருதுகிறோம். வல்ல அல்லாஹ் அனைவருக்கும் ஆரோக்கியம் தருவானாக, ஆமீன்.